மீசைப் படத்தின் முடிவு

எங்கள் வயதுப் பெண்களே, வெட்கப்படாமல் ஒத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் பார்த்த படம் ஒன்றுக்காவது நமக்கு முடிவு தெரியுமா? பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்வதற்கு முன் வீட்டுக்குள் நிற்க வேண்டும். அதனால் கதாநாயகன் கப்பலேறுகிற இடத்திலோ, வில்லன் கத்தியை உருவுகிற இடத்திலோ எழும்பி ஓடி வந்தவர்கள்தான் நாம் எல்லோரும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் படத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் இழுக்கிறார்கள். நமது கொதி அவர்களுக்கு எங்கே விளங்கப்போகிறது!

நான் சொல்ல வந்தது ஒரு ராசா ராணிப் படத்தைப் பற்றி. சிரிப்பும் காதலுமான படம். பழைய மேடை நாடகம் ஒன்றைத்தான் அப்படிப் படமாக எடுத்திருந்தார்கள் என்று பெரியவளான பிறகு எங்கோ வாசித்தேன். அதற்கு நல்லதொரு பெயர் இருந்தது. ஆனால் எங்கள் ஊர் மருதமுனையில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எங்களுக்கு அது மீசைப் படம்.

என் உம்மாவின் தங்கச்சி, அதாவது என் சாச்சி, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவர்களுடைய வாப்பா மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். மூத்த காக்காதான், எனக்கு மாமா, எல்லாவற்றுக்கும் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தானே, மாப்பிள்ளைதான் வந்து ஏறுவார். ஆகவே எங்கள் வளவுக்குள்ளேயே சாச்சிக்கென்று ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சாச்சிக்கு அந்த வீட்டில் அக்கறை இல்லை. கதைக்கிறதில்தான் அக்கறை. கோழி முட்டையிட்டதைக்கூட அவள் சொன்னால் நாங்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்போம்.

மீசைப் படம் கல்முனைத் தியேட்டருக்கு வந்ததிலிருந்து உம்மாவை அவள் தூங்கவிடவில்லை. உம்மா லேசில் அசைகிற ஆளா? சட்டி பானையோடும் சட்டத்தோடும் வாழ்ந்தவள். ஆனாலும் வாப்பா சாரன் கட்டுகளை விற்க அக்கரைப்பற்றுக்குப் போன ஒரு நாள், உம்மாவே பாண்டிருப்பு வண்டிக்கார அண்ணனுக்குச் சொல்லியனுப்பியிருந்தாள். மாட்டு வண்டியைச் சுற்றிச் சீலை கட்டி, உள்ளே நாங்கள் மூவரும். வைக்கோல் குத்தியது. சீலை ஓட்டையால் நான் பாண்டிருப்புக் கோயில் வீதியைப் பார்த்தேன் என்று காதைத் திருகினாள் உம்மா.

தியேட்டரில் பெண்கள் பக்கத்துக்கு நடுவில் ஒரு திரை தொங்கும். விளக்கு அணைந்த பிறகுதான் அதை இழுத்து ஒதுக்குவார்கள். கச்சான் கடலைக் கோதும் பீடிப் புகையும் கலந்த மணம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து உம்மா கதிரையில் கைக்குட்டை லேஞ்சியை விரித்து அதன்மேல் உட்கார்ந்தாள். அந்தப் பச்சைக் கரை லேஞ்சி அங்கேயே விடுபட்டுப்போனது தனிக் கதை, அதற்காக ஒரு கிழமை புலம்பினாள்.

படத்தின் கதை இதுதான். ஒரு அரசகுமாரிக்குக் கல்யாணமே வேண்டாம். அவளுடைய தகப்பன் ராசா ஒரு சட்டம் போட்டார். பெண் கேட்டு வருகிறவர் அவளுக்கு முன்னால் உட்கார வேண்டும். விளக்கில் எண்ணெய் தீருவதற்குள் அவளை ஒரு சொல் பேச வைத்தால் கல்யாணம். பேசாவிட்டால் பாதி மீசையை வழித்து அனுப்பிவிடுவார்கள். எத்தனை ராசாக்கள்! ஒருவர் பாடினார், ஒருவர் அழுதார், ஒருவர் தன் யானைகளை எல்லாம் பேர் சொல்லி எண்ணினார். அரசகுமாரி நாடியை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். பாதி மீசையோடு ஒவ்வொருவரும் வெளியே வரும்போது தியேட்டர் கிடுகிடுத்தது. உம்மா முக்காட்டைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டு சிரித்தாள். உம்மாவுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கடைசியாக ஒரு சின்ன நாட்டு அரசகுமாரன் வந்தான். அவன் அவளைப் பேசச் சொல்லவில்லை. அவளுடைய கூண்டுக் கிளியோடு கதைத்துக்கொண்டிருந்தான். எண்ணெய் தீர்ந்தது. "உன் மௌனத்தின் பொருள் அறிந்தேன் தேவி" என்று எழும்பிப் போய், நாவிதனுக்கு முன்னால் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அரசகுமாரியும் எழும்பினாள். அவளுடைய வாய் மெல்லத் திறந்தது.

"மருதமுனை வண்டி!" என்று வாசலிலிருந்து கத்தினான் வாசற்காரன்.

மஃரிபுக்கு முன் வீடு சேர வண்டிக்கார அண்ணன் செய்த ஏற்பாடு அது. உம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். சாச்சி திரையைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து, யாருடைய காலையோ மிதித்து, நல்லா வாங்கிக்கட்டினாள். வண்டியில் ஏறியதும் தியேட்டரில் வாங்கிய பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். அதில் கதைச் சுருக்கம் போட்டு, "மிகுதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடித்திருந்தார்கள்.

"பாவிகளே, அங்கயிருந்துதானே வாறம்!" என்று அந்தப் புத்தகத்தோடேயே சண்டை பிடித்தாள் சாச்சி. வண்டிக்கார அண்ணனிடம் கேட்டாள். "நான் மாட்டோடயெல்லோ நிண்டன் தங்கச்சி" என்றார் அவர்.

எங்கள் வளவில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நூல் சுற்றுகிற பெண்கள் கூடுவார்கள். கைகள் நூலில் இருக்கும், காதெல்லாம் சாச்சியிடம். சாச்சி ஒவ்வொரு ராசாவாக நடித்துக் காட்டினாள். அரசகுமாரி போல நாடியை நிமிர்த்திச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். "மறுகா?" என்று அடுத்ததைக் கேட்பார்கள் பெண்கள். நாவிதன் கத்தி எடுக்கிற இடம் வந்தது.

"மறுகா?"

"மறுகா தெரியாகா. வண்டி வந்திட்டு."

அவர்கள் சாச்சியை அடிக்காத குறை. "கொண்டுவந்து நடுக் கடலில உட்டாப்போல" என்று ஒருத்தி எழும்பியே போய்விட்டாள். சாச்சி அவசரமாகச் சொன்னாள்: "அவ கடைசி வரைக்கும் கதைக்கல்ல. கதைக்காம இருந்தே வெண்டிட்டா. அவ்வளவுதான்." அவள் பேசாமலே ஜெயிக்கிற அந்த முடிவு ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

இதற்குள் மாமா சைக்கிளில் வந்து இறங்கினார். சாச்சிக்கு ஒரு சம்பந்தம். சாய்ந்தமருது மாப்பிள்ளை, கல்முனை மார்க்கட்டுக்குப் பக்கத்தில் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருக்கிறார்.

"தங்கமான பொடியன். வாயத் திறந்து ஒரு கதை இல்ல. இருக்கிற இடமே தெரியா" என்றார் மாமா. அதுதான் அவருக்குத் தெரிந்த பெரிய புகழ்ச்சி.

உள் அறையில் சாச்சியின் முகம் செத்துப்போனது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். உம்மா உள்ளே வந்து கேட்டாள்: "காக்கா கேக்கார். ஒனக்கு விருப்பமா?"

சாச்சி நாடியை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தாள். ஒரு சொல் இல்லை. உம்மா நின்று பார்த்தாள், பிறகு வெளியே போனாள்.

"என்ன சொன்னா?"

"ஒண்டும் கதைக்கல்ல காக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் மாமா. "அப்ப நல்ல நாளப் பாப்பம்."

உங்களுக்குத் தெரியாததா? நமது வழக்கத்தில் கன்னிப் பெண் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தால் அதுதான் சம்மதம். வேண்டாமென்றால்தான் வாயைத் திறக்க வேண்டும். சாச்சிக்கும் அது தெரியும். ஆனால் அந்த நேரம் அவள் இருந்தது எங்கள் வீட்டு அறையில் இல்லை, அந்த ராசாவின் சபையில்.

மாமா போன பிறகு சமையலறையில் பெரிய அமர்க்களம்.

"நான் ஓம் எண்டு சொல்லல்லியே ராத்தா!"

"இல்லெண்டும் நீ சொல்லல்லியே."

"கதைக்காம இருந்தா வேணா எண்டுதானே அர்த்தம்!"

"எந்த ஊரில?" என்றாள் உம்மா. "என்னட்ட ஆருகா கேட்டு ஒங்கட மச்சானக் கொண்டு வந்த? நானும் தலையக் குனிஞ்சிக்கிட்டுத்தான் இருந்த. நான் என்ன செத்தா பெய்த்தன்?"

உம்மாவின் நெஞ்சு கல் என்று நான் அன்று முடிவு கட்டினேன். சட்டி கழுவுகிற சத்தத்தில் அவளுடைய குரல் தடுமாறியதை இப்போதுதான் என்னால் கேட்க முடிகிறது.

சாச்சி சாப்பாட்டைக் குறைத்தாள். கதைப்பதை நிறுத்தினாள். நூல் சுற்றுகிற பெண்கள் வந்தால் அவர்களுக்கு நடுவில் நாடியை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தபடி இருப்பாள். பக்கத்துத் தறிச் சத்தம் மட்டும் கேட்கும். ஒருநாள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஹயாத்து முழுக்க, மவுத்தாகிற வரைக்கும், ஒரு ஊமையோட நான் என்ன செய்யிற மனே?" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மாப்பிள்ளை மோசமானவர் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. கதையில்லாத வீட்டுக்குத்தான் அவள் பயந்தாள். அந்த வீட்டுச் சுவரோ நாளுக்கு நாள் உயர்ந்தது, நிலை வைத்தாகிவிட்டது.

காப்பு அளவு எடுக்க மாப்பிள்ளையின் மூத்த ராத்தா வந்துபோனாள். தாட்டியான, சிரித்த முகமான மனிசி. வாசலில் நூல் சுற்றுகிற பெண்கள் அவளுக்குப் பகிடியாகச் சொல்லியிருக்கிறார்கள்: "பொண்ணு இப்ப மீசைப் படத்து ராசாத்தி போலதான் இரிக்கா. ஒரு கதை இல்ல." அவளும் அதைப் பகிடியாகத் தன் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். தம்பி சிரிக்கவில்லையாம்.

மறுபடியும் அவள் வந்தாள், ஒரு தட்டு நிறையத் தொதல் இனிப்போடு. தேத்தண்ணி குடித்தாள். மாமாவும் அன்று வெளியில் இருந்தார். அவள் சாச்சியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"புள்ள, எங்கட தம்பி ஒண்டு கேட்டு வரச் சொன்னான். குறை நினைக்காதீங்க. ஒங்கட்டக் கேட்ட நேரம் நீங்க கதைக்காம இருந்தீங்களாம். அது நம்மட ஊர்க் கதைக்காமையா, மீசைப் படத்துக் கதைக்காமையா?"

உம்மா குறுக்கே விழுந்தாள். "எந்தப் படம்? எங்கட வீட்டில ஆரும் படம் பாக்கிறல்ல" என்றாள், யாரும் அவளைக் கேட்காமலே.

சாச்சி தலையைத் தூக்கினாள். அந்தக் கேள்வியில் அவள் ஆடிப்போய்விட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"படத்துக் கதைக்காமதான்" என்றாள்.

"சரி புள்ள. அவனும் அப்படித்தான் நினைச்சான்" என்று அந்த மனிசி சாச்சியின் தலையைத் தடவிவிட்டு எழும்பினாள். "அழாதீங்க. எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல." தொதல் தட்டை எடுக்காமலே போய்விட்டாள்.

மாமா பிடித்துக்கொண்டார். "படம்! குமர்ப் புள்ளையக் கூட்டிக்கிட்டுப் படம்!" என்று உம்மாவை அவர் கிழித்தது முழுத் தெருவுக்கும் கேட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பேரை இனி இந்த வளவில் எடுக்கக் கூடாது என்று சத்தியம் பண்ணினார். வீடு கட்டிய மேசனை நிறுத்தினார். மறுபடியும் அக்கரைப்பற்றுக்குப் போய் வந்த வாப்பாவிடமும் போய் முறையிட்டார். வாப்பா சாரன் கட்டை இறக்கி வைத்தபடி, "சீல கட்டின வண்டி தியேட்டரடியில நிண்டத நாலு பேர் அண்டைக்கே எனக்குச் சொன்ன. பெய்த்தா பெய்த்துட்டு வரட்டுமே" என்றார். அவ்வளவுதான். உம்மா அவரை ஒருமாதிரியாகப் பார்த்தாள்.

இனி சாச்சி சிரிப்பாள், கதைப்பாள் என்றுதான் நான் நினைத்தேன். நினைத்தது கிடைத்துவிட்டதே! அடுத்த நாள் கிணற்றடியில் பார்த்தால் வாளியைப் பிடித்தபடி பொருமிப் பொருமி அழுகிறாள்.

"அவரு கேட்டாரே ராத்தா."

"ஆரு?"

"அவருதான். நீங்க எல்லாரும் நான் ஓம் எண்டாப்போல எடுத்திட்டீங்க. அவரு மட்டும்தானே என்னட்டக் கேட்டார். இப்படி ஒரு கேள்வி கேக்கத் தெரிஞ்ச மனிசன் ஊமையா?"

"கேட்ட மனிசன வேணா எண்டு சொல்லிப்போட்டு இப்ப என்னத்துக்குகா அழுறாய்?" என்று உம்மா சீறினாள். ஆனால் வாளியை வாங்கி அவளே தண்ணீர் அள்ளினாள். வெகுநேரம் எதையோ யோசித்துக்கொண்டு அள்ளினாள், குடம் நிறைந்து வழிந்தது.

இப்போது நிலைமையைப் பாருங்கள். குமர்ப்பிள்ளை ஒருத்தி, வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளைக்கு, இல்லை வேண்டும் என்று எப்படிச் சொல்லியனுப்புவது? மாமாவிடம் வாய் திறக்க முடியாது. யாரிடமாவது சொல்லிவிட்டால் ஊர் சிரிக்கும். சாச்சியின் வாழ்க்கை ஒரு ஓமில் தொங்கியது, அந்த ஓமைச் சொல்ல ஒரு வாசலும் இல்லை.

உம்மாதான் வாசலைத் திறந்தாள். தட்டு வந்தால் வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது, வந்து வாங்கிக்கொண்டு போங்கள் என்று சாய்ந்தமருதுக்குச் சொல்லியனுப்பினாள். மாப்பிள்ளையின் ராத்தா வந்த பகலில், நூல் சுற்றுகிற பெண்களையும் அவளே கூப்பிட்டாள். "வாங்ககா, எங்கட தங்கச்சி இண்டைக்குப் படத்துக் கதைய ஒழுங்கா முடிக்கப்போறா." தட்டில் பணியாரத்தை அடுக்கியபடி, சாச்சியைத் திரும்பியும் பார்க்காமல், "சொல்லு" என்றாள்.

சாச்சி சொன்னாள். 

"அவரு நாவிதனுக்கு முன்னால மொகத்த நீட்டிக்கிட்டு இரிக்கார். அரசகுமாரி எழும்பினா."

"மறுகா?"

"சபையில எல்லாரும் பாக்காங்க. அவவுக்கு வெக்கம். ஆனா இவரு இப்படியே பெய்த்திட்டா இனி வரமாட்டாரே எண்டு நெஞ்சு பதறுது. 'நில்லுங்க' எண்டா."

"வாயத் திறந்திட்டாளா! மறுகா?"

"ராசா கேட்டார், 'மகள், நீ பேசிட்டாய். இவரக் கல்யாணம் முடிக்க ஒனக்குச் சம்மதமா?' எண்டு. அவ சொன்னா, 'ஓம்' எண்டு."

பெண்கள் நூலை விட்டுவிட்டுச் சாச்சியைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, "ராசாத்தி என்ன நம்மட மருதமுனைக்காரியாகா, ஓம் எண்டு சொல்ல? ஆம் எண்டெல்லா சொல்லியிருப்பா!" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளையின் ராத்தா சிரிக்கவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுத் தட்டோடு எழும்பினாள்.

இதற்குப் பிறகு நடந்ததை மாப்பிள்ளையே பின்னாளில் எனக்குச் சொன்னார், சாச்சியை முடித்து என் சாச்சப்பாவாக வந்த பிறகு. தியேட்டரின் ஒலிபெருக்கியைத் திருத்தப் போய்ப் போய் மீசைப் படத்தை அவர் முழுக்கப் பார்த்தவர். உண்மையான முடிவில் அரசகுமாரி பேசவே மாட்டாளாம். வாயைத் திறப்பாள், ஆனால் 'ஆம்' என்ற சொல் வருவது கிளியிடமிருந்து. அவன் கதைத்துக் கதைத்துப் பழக்கிவைத்த கிளி. அதைக் கேட்ட கிழட்டு ராசா மகள்தான் பேசினாள் என்று நினைத்துக் கல்யாணத்தை முடித்துவைப்பார். நானும் அதைப் பிறகு தொலைக்காட்சியில் பார்த்தேன். உள்ளதைச் சொன்னால், சாச்சியின் முடிவுதான் திறம்.

ராத்தா போய்க் கதையைச் சொன்னபோது அவர் ஒரு ரேடியோவைக் கவிழ்த்து வைத்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாராம்.

"ஓம் எண்டு சொன்ன கிளியா?"

"கிளியா? கிளி ஒண்டும் சொல்லல்லடா. அவதான் சொன்னாளாம்."

"நல்லா யோசிச்சிச் சொல்லு ராத்தா. ஓம் எண்டா? ஆம் எண்டா?"

"ஓம் எண்டுதான். என்னடா ஒனக்கு?"

அவர் கடையைப் பூட்டிவிட்டு, நேரே மாமாவிடம் போய்ப் பெண் கேட்டு நின்றாராம். மாமாவோ தன்னுடைய அதட்டலுக்குப் பயந்துதான் எல்லோரும் வழிக்கு வந்தார்கள் என்று நம்பினார். மவுத்தாகும் வரைக்கும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். நாங்களும் பாவம் என்று விட்டுவிட்டோம்.

கல்யாணப் பதிவுக் காவின் எழுதுகிற அன்று, மாமா இரண்டு சாட்சிகளோடு பெண் அறையின் திரைக்கு அப்பால் வந்து நின்று, மகர்ப் பணம் எவ்வளவு, மாப்பிள்ளை யார் என்று முறைப்படி சொல்லிச் சம்மதம் கேட்டார். எப்போதும் போலப் பெண் பேசமாட்டாள் என்று சாட்சிகள் திரும்பி நடக்கவே தொடங்கிவிட்டார்கள்.

"ஓம்!" என்றாள் சாச்சி.

முன்மண்டபத்தில் காவின் எழுத வந்த லெப்பைக்கே கேட்டிருக்கும். பெண்கள் வாயில் கை வைத்தார்கள். மாமா திரைக்கு அப்பால் இருமினார். அங்கே தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை சிரித்துவிட்டாராம். ஊமை என்று பயந்தாளே சாச்சி, அந்த மனிதர் வளவுக்குள் வந்து ஏறிய நாளிலிருந்து வாய் மூடவில்லை. இரண்டு பேரும் போட்டிக்குக் கதைத்தார்கள். மற்றவர்களுக்கு இடமே கிடைக்கவில்லை.

கல்யாண வீட்டுக் கூட்டம் கலைந்து, மஃரிபு தொழுதுவிட்டு வாப்பா சமையலறை வாசலுக்கு வந்தார். உம்மா சாப்பாட்டுச் சகன் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒரு மூலையில் பாதித் தூக்கத்தில் இருந்தேன். உம்மா திரும்பாமலே சொன்னாள்: "என்னட்டயும் அண்டைக்குக் கேட்டிருந்தா, நானும் வாயத் திறந்து சொல்லியிருப்பன்."

வாப்பா அப்படியே நின்றுவிட்டார். அவர் அதிகம் கதைக்காத மனிதர். தொப்பியைக் கழற்றி, திரும்பவும் போட்டார். "இப்பக் கேக்கட்டா?" என்றார்.

உம்மா திரும்பிப் பார்த்தாள். வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, மாமா கேட்டதைப் போலவே, தன்னுடைய முழுப் பேரையும் தன் வாப்பாவின் பேரையும் சொல்லி, மகர் இன்னதென்று சொல்லி, "இவர முடிக்க ஒங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். பகிடி போலத்தான் தொடங்கினார். முடிக்கும்போது அது பகிடியாக இல்லை.

உம்மாவின் கண் நிறைந்தது. முக்காட்டின் முனையால் துடைத்தாள்.

"யோசிச்சிச் சொல்றன்" என்றாள். "நீங்க பெய்த்து அந்தப் பாயைச் சுருட்டுங்க."

அதற்குப் பிறகு எத்தனை வருடம்! வீட்டில் நாங்கள் இல்லை என்று நினைக்கிற நேரமெல்லாம் வாப்பா கேட்பார், "என்ன புள்ள, யோசிச்சி முடிஞ்சா?" உம்மா, "அவசரப்பட ஏலா" என்பாள். அரிசி புடைக்கும்போது கேட்பார், என் கல்யாணத்தன்று கேட்டார், ஹஜ்ஜுக்குப் போய்வந்த பிறகும் கேட்டார். உம்மா அந்தக் கேள்வியைத் தீர்ந்துபோகவிடாமல் வைத்திருந்தாள். அவளைக் கல் என்று நினைத்த என்னை என்ன செய்வது!

வாப்பா கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது அவருக்குக் குரலே போய்விட்டது. ஒரு பின்நேரம் உம்மா கரண்டியால் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். வாப்பா அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினார். உதடு மட்டும்தான் அசைந்தது, ஆனால் என்ன கேட்கிறார் என்று எனக்கே தெரிந்தது.

உம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள்.

"ஓம்" என்றாள்.

வாப்பாவின் கண்கள் சிரித்தன. இன்னும் விடவில்லை அவர். கையைத் தூக்கி, என்ன ஓம், யோசித்து முடிந்ததா, சம்மதமா என்று விரலால் கேட்டார்.

"ரெண்டும்தான்" என்றாள் உம்மா.